லிஃப்ட் வைத்த கோட்டைக்கே என் ஓட்டு

ஜப்பான் போகிறேன் என்றதும் எல்லோரும் கேட்டது, "சகுரா சீசனா?" என்றுதான், அதாவது செர்ரி பூக்கிற காலமா என்று. என் கவலை பேட்டரி. என்னுடையது மடக்கக்கூடிய பவர் வீல்சேர், லித்தியம் பேட்டரியில் ஓடுவது. இந்த மாதிரி வண்டிக்குப் பேட்டரியைக் கழற்றிக் கையோடு கேபினுக்குள் கொண்டுபோக வேண்டும். ஒரே பேட்டரி என்றால் அதன் கொள்ளளவு 300 வாட்-ஹவர் வரை, இரண்டு என்றால் தலா 160 வரை. விமானங்களுக்குப் பொதுவான விதிதான். ஆனால் செக்-இன் கவுன்ட்டரில் இருப்பவருக்கு அது தெரிந்திருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். பேட்டரி மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் போட்டோ எடுத்து முன்கூட்டியே மெயில் அனுப்பி, வந்த பதிலை அச்செடுத்து வைத்திருந்தேன். பாஸ்போர்ட்டைவிட அந்தத் தாளைத்தான் அதிகம் பேர் வாங்கிப் பார்த்தார்கள்.

டோக்கியோ ரயில் நிலையங்களில் நடைமுறை இப்படி: டிக்கெட் கேட் அருகே இருக்கும் ஊழியரிடம் போகிற இடத்தைச் சொல்கிறோம். அவர் இறங்கும் நிலையத்துக்குப் போன் போட்டு எந்த ரயில், எத்தனையாவது பெட்டி, எந்தக் கதவு என்று சொல்லிவிடுகிறார். பிறகு ஒரு மடக்குப் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நமக்கு முன்னால் நடக்கிறார். ரயில் நின்றதும் நடைமேடைக்கும் கதவுக்கும் நடுவில் பலகையை விரிக்கிறார், ஏறியதும் மடக்கி எடுத்துக்கொள்கிறார். இறங்குமிடத்தில் கதவு திறந்தால், சரியாக அந்தக் கதவுக்கு நேரே இன்னொருவர் பலகையோடு நிற்கிறார். ஒருமுறைகூடத் தப்பவில்லை.

பார்க்க அழகுதான், ஆனால் அங்கே ஆள் தயார் என்று தகவல் வரும்வரை இங்கே ஏற்ற மாட்டார்கள். கண்ணெதிரே ரயில்கள் வந்து வந்து போகும். அதைவிடப் பெரிய சிக்கல், வழியில் மனசு மாறக் கூடாது. ஜன்னல் வழியே ஒரு கடைத்தெருவைப் பார்த்துவிட்டு, "அக்கா, இங்கேயே இறங்கிடலாமா?" என்றாள் தங்கை. அவள் இறங்கலாம். என் பலகை நான் சொன்ன நிலையத்தில் அல்லவா காத்திருக்கிறது!

சில மெட்ரோ நிலையங்களில் நடைமேடை விளிம்பையே கொஞ்சம் உயர்த்தி, இடைவெளியைக் குறைத்திருக்கிறார்கள். அங்கே யாரிடமும் சொல்லாமல் ஏறி, யாரிடமும் சொல்லாமல் இறங்கினேன். குனிந்து வணங்கிப் பலகை விரித்த அத்தனை பேர்மீதும் மரியாதை உண்டு. இருந்தாலும் எனக்குப் பிடித்தது அந்த விளிம்புதான்.

நடைபாதை முழுக்க மஞ்சள் நிறத்தில் புடைப்புக் கற்கள். பார்வையற்றவர்களுக்காக மியாகே செய்இச்சி என்பவர் 1965-ல் உருவாக்கியது, 1967-ல் ஒகாயாமாவில் முதன்முதலாகப் பதித்தார்கள். என் முன்சக்கரம் அதில் ஏறினால் முதுகெலும்பு வரை தடதடக்கும். ஆனாலும் அதைக் குறை சொல்ல வாய் வராது. அவர்கள் வழி அது, நான்தான் ஒதுங்கி ஓட்ட வேண்டும்.

அறை போடும்போது ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். சிறிய ஹோட்டல்களில் குளியலறை, மொத்தமாக வார்த்து உள்ளே இறக்கிய பிளாஸ்டிக் பெட்டி போல இருக்கும். அதன் வாசலே ஒரு சாண் உயரத்தில் இருக்கும். "வீல்சேர் வருமா?" என்று கேட்டால் வரும் என்பார்கள். லாபி வரைக்கும் வரும்தான். கதவு அகலமும் வாசல்படி உயரமும் எத்தனை சென்டிமீட்டர் என்று கேளுங்கள். அளந்து சொல்ல அங்கே யாரும் சலித்துக்கொள்வதில்லை.

இனி கோட்டைகள். ஹிமெஜி கோட்டையின் பிரதான கோபுரம் 1609-ல் கட்டி முடித்தது. உள்ளே மரப்படிகள், ஏணி மாதிரி செங்குத்தாக. லிஃப்ட் கிடையாது. தங்கை மேலே போனாள், நான் கீழே அந்த வெள்ளைச் சுவர்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வருத்தமில்லை. நானூறு வருட மரத்தைக் குடைந்து எனக்கு வழி செய்யுங்கள் என்று கேட்க எனக்கே மனசு வராது.

ஒசாகா கோட்டை வேறு கதை. 1931-ல் கட்டிய கான்கிரீட் கோபுரம், உள்ளே லிஃப்ட், அருங்காட்சியகம். "அது டூப்ளிகேட், போகாதே" என்று எனக்குச் சொன்னவர்கள் நிறைய. 2019-ல் அங்கே நடந்த ஜி20 விருந்தில் அப்போதைய பிரதமர் ஷின்சோ அபேயே, கோட்டையைப் புதுப்பித்தபோது லிஃப்ட் வைத்தது பெரிய தவறு என்ற பொருளில் பேசி, கண்டனம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

சரி, அசல் எது? ஜப்பானை ஒன்றிணைத்த தளபதி ஹிதெயோஷி முதலில் கட்டிய கோபுரம் 1615 போரில் அழிந்தது. அந்தப் போரில் வென்ற தொகுகாவா வம்சத்தின் ஆட்சியில் மறுபடி எழுப்பியது 1665-ல் இடி விழுந்து எரிந்தது. இரண்டுமே நாற்பது வருடத்தைத் தாண்டவில்லை. லிஃப்ட் வைத்த இந்த டூப்ளிகேட் தொண்ணூறைத் தாண்டி நிற்கிறது. அந்த இடத்தில் அதிக காலம் வாழ்ந்த கோபுரம் இதுதான்!

நகோயா நகரத்துக் கோட்டையில் இந்தச் சண்டை இன்னும் காரமானது. 1945 குண்டுவீச்சில் எரிந்த கோபுரத்தை 1959-ல் கான்கிரீட்டில், லிஃப்ட்டோடு கட்டினார்கள். நிலநடுக்கத்தைத் தாங்காது என்று 2018-ல் அதை மூடிவிட்டு, பழையபடி மரத்தாலேயே கட்ட மாநகராட்சி திட்டமிட்டது. மேல்மாடி வரை லிஃப்ட் வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் கேட்டார்கள். 2023-ல் நடந்த கருத்துக்கேட்புக் கூட்டத்தில் அப்படிக் கேட்டவர்களைச் சிலர் இழிவாகப் பேச, அது நாடு முழுக்கச் செய்தியானது. அசல் மாதிரியே வேண்டும் என்கிறவர்கள், அசல் கோட்டையில் இல்லாத மின்விளக்கைப் பற்றியும் இவ்வளவு சூடாகப் பேசுவார்களா?

ஒசாகாவில் மேலே வரை போனேன். பொதுமக்களுக்கு லிஃப்ட் 5-ஆம் மாடி வரைதான், மீதி படி. வீல்சேரில் வருகிறவர்களை 8-ஆம் மாடி வரைக்கும் அதிலேயே கூட்டிப்போவார்கள், உள்ளே இருக்கும் ஊழியரிடம் சொன்னால் போதும். நான் மேலே போய்ச் சேர்ந்து வெகுநேரம் கழித்துத்தான் தங்கை படியேறி மூச்சிரைக்க வந்தாள். "நீ மட்டும் சொகுசா வந்துட்டே" என்று ஒரே புகார்.