கூட்டத்தின் சத்தத்தை விட்டுவிட்ட ஒலிவாங்கி

குடியாத்தத்தில் என் அப்பா முப்பது ஆண்டுகளுக்கு மேல் மைக்செட் வாடகைக்கு விடும் கடை நடத்தினார். அவருடைய ஆம்ப்ளிஃபையரும் கூம்பு ஒலிபெருக்கிகளும் போகாத கட்சிக் கூட்டம் இல்லை. மேடை மைக் என்பது பேசுபவரின் வாயிலிருந்து வரும் குரலை மட்டுமே வாங்க வேண்டும், சுற்றியிருக்கும் இரைச்சலையும் சேர்த்து வாங்கினால் ஊளையிடத் தொடங்கிவிடும் என்பதை எட்டாம் வகுப்புப் படிக்கும்போதே அவரிடம் கற்றுக்கொண்டேன். அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் அங்குள்ள கட்சிகளுக்குள் நடக்கும் வேட்பாளர் போட்டிகளைப் பல ஆண்டுகளாக விடாமல் கவனித்து வருகிறேன். அவற்றுள் ஹோவர்ட் டீனுக்கு நேர்ந்தது எனக்குச் சரியாக விளங்கியது அந்தப் பாடத்தால்தான்.

2004 ஜனவரி 19 அன்று அயோவா மாநிலத்தில் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பதற்கான முதல் வாக்கெடுப்பு நடந்தது. முன்னணியில் இருப்பதாக அதுவரை பேசப்பட்ட வெர்மான்ட் முன்னாள் ஆளுநர் டீன், ஜான் கெர்ரிக்கும் ஜான் எட்வர்ட்ஸுக்கும் பின்னால் மூன்றாம் இடத்துக்குப் போனார். தொண்டர்கள் துவண்டுவிடக் கூடாது என்பதற்காக, அடுத்து வாக்களிக்கவிருந்த மாநிலங்களின் பெயர்களை ஒவ்வொன்றாக உரக்கச் சொல்லி, முடிவில் ஒரு கூச்சல் போட்டார். அரங்கத்தில் இருந்தவர்களுக்கு அது ஆரவாரத்தோடு ஆரவாரமாகக் கரைந்துபோனது. ஆனால் அவர் கையிலிருந்த ஒலிவாங்கி கூட்டத்தை வடிகட்டிவிட்டு அவர் குரலை மட்டும் தொலைக்காட்சிகளுக்கு அனுப்பியது. வீட்டில் பார்த்தவர்களுக்கு, அமைதியான அறையில் ஒரு மனிதர் காரணமில்லாமல் கத்துவதாகத் தோன்றியது. நான்கே நாட்களில் தேசியத் தொலைக்காட்சிகளில் அந்தக் காட்சி 633 முறை ஓடியதாகக் கணக்கிட்டார்கள்.

கூட்டத்தின் நடுவிலிருந்து யாரோ எடுத்த பதிவும் இருக்கிறது. அதில் டீனின் குரல் கேட்கவே சிரமமாக இருக்கும். இரண்டையும் அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். காதருகே கைபேசியை வைத்து இரண்டு முறை கேட்டார். "மைக்கு மேல தப்பு இல்லப்பா, அது அவருக்கு வச்ச மைக்கு. கூட்டத்தோட சத்தத்தையும் கொஞ்சம் சேர்த்துப் போட்டிருக்கணும், அது டிவிக்காரன் வேலை" என்றார். டீன் அயோவாவில் தோற்றது அந்தக் கூச்சலுக்கு முன்பே என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அவருடைய தோல்விக்கு ஊடகம் மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மீண்டு எழுவதற்கு அவருக்கு இருந்த ஒரு வாரத்தை அந்த 633 முறையும் சேர்ந்து தின்றுவிட்டன.

பொதுத்தேர்தலைவிட உட்கட்சிப் போட்டியில் ஊடகத்தின் கை ஓங்குவதற்குக் காரணம் உண்டு. நம் ஊரில் வேட்பாளரைக் கட்சித் தலைமை நேர்காணல் நடத்தி அறிவித்துவிடுகிறது. வாக்காளருக்கு உதயசூரியனோ இரட்டை இலையோ கண்ணெதிரே இருக்கிறது, தொலைக்காட்சி என்ன சொன்னாலும் பரம்பரையாக ஒரு சின்னத்துக்குக் குத்துபவர் அதற்குத்தான் குத்துவார். அங்கே போட்டியிடும் அனைவரும் ஒரே கட்சிக்காரர்கள் என்பதால் பிடித்துக்கொள்ளச் சின்னம் கிடையாது. "யாரால் ஜெயிக்க முடியும்" என்று திரையில் உட்கார்ந்து சொல்பவரின் பேச்சுக்கு அந்த அளவுக்கு எடை கூடிவிடுகிறது. அதோடு, எல்லா மாநிலங்களும் ஒரே நாளில் வாக்களிப்பதில்லை. ஒரு மாநிலத்தின் முடிவு அடுத்த மாநிலத்துக்குச் செய்தியாகப் போகிறது, அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டுத்தான் அங்குள்ளவர்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

மக்கள் எப்போதும் அதற்கு மயங்கிவிடுவதும் இல்லை. 2008இல் அயோவாவில் ஒபாமா வென்றதும் ஹிலாரி கிளிண்டனின் கதை முடிந்தது என்று விமர்சகர்கள் எழுதிவிட்டார்கள். கருத்துக்கணிப்புகளும் அதையே சொல்லின. ஐந்தே நாளில் நியூ ஹாம்ப்ஷயர் வாக்காளர்கள் ஹிலாரியை வெற்றிபெற வைத்தார்கள்.

எனக்கு ஆறாத கோபம் 2016 பற்றியது. டோனா பிரசீல் அப்போது ஜனநாயகக் கட்சியின் தேசியக் குழுவில் துணைத் தலைவர். அதே காலத்தில் சிஎன்என் தொலைக்காட்சியில் அரசியல் கருத்தாளர். அந்தக் கட்சியின் வேட்பாளர் போட்டியில் ஹிலாரியும் பெர்னி சாண்டர்ஸும் மோதிக்கொண்டிருந்தபோது, அந்தத் தொலைக்காட்சியின் நிகழ்ச்சிகளில் கேட்கப்படவிருந்த கேள்விகளைப் பற்றி ஹிலாரி தரப்புக்கு முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். ரகசிய ஆவணங்களை வெளியிடும் விக்கிலீக்ஸ் தளத்தின் மூலம் அது அக்டோபரில் வெளியே வந்த பிறகு சிஎன்என் அவருடனான உறவை முறித்துக்கொண்டது. ஆனால் போட்டியின் முடிவு ஜூன், ஜூலையிலேயே தீர்ந்துபோயிருந்தது.

நம் தொலைக்காட்சி விவாதங்களில் பேசுபவரின் படத்துக்குக் கீழே ஒரு சிறிய பட்டையில் "அரசியல் விமர்சகர்" என்றோ "மூத்த பத்திரிகையாளர்" என்றோ எழுதியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் நினைவுக்கு வருகிறது. தமிழ்நாட்டில் எந்தத் தொலைக்காட்சி எந்தக் கட்சியினுடையது என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். வெளிப்படையாகத் தெரியும் சார்பினால் பெரிய தீங்கு இல்லை என்றே நினைக்கிறேன், பார்ப்பவர் அதற்கு ஏற்றபடி கழித்துக்கொள்வார். கட்சியின் சம்பளத்தையோ பதவியையோ மறைத்துக்கொண்டு நடுநிலையாளராக உட்காருபவர்தான் வாக்காளரை ஏமாற்றுகிறார். அந்தப் பட்டையில் அவருடைய கட்சிப் பொறுப்பையும் எழுத வேண்டும் என்று கேட்பது அதிகப்படியான கோரிக்கை ஆகாது.

அதே 2016 ஜூன் 6 இரவு, கட்சி மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகளில் தேவையான 2,383 பேரை ஹிலாரி பெற்றுவிட்டார் என்று அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் அறிவித்தது. கலிபோர்னியா உட்பட ஆறு மாநிலங்கள் மறுநாள்தான் வாக்களிக்கவிருந்தன. அந்தக் கணக்கில், மக்கள் வாக்கால் தேர்ந்தெடுக்கப்படாமல் பதவியின் பேரில் மாநாட்டில் வாக்களிக்கும் சூப்பர் டெலிகேட்டுகளும் இருந்தார்கள். அவர்கள் ஜூலை மாத மாநாட்டில்தான் வாக்களிப்பார்கள், அதுவரை மனம் மாறவும் உரிமை உண்டு. நிருபர்கள் அவர்களிடம் கேட்டுக் கூட்டிய எண், நடந்து முடிந்த முடிவைப் போல உலகமெங்கும் போனது. ஹிலாரி மொத்த வாக்குகளில் தெளிவாக முன்னணியில் இருந்தார், கலிபோர்னியாவிலும் வென்றார், அந்த அறிவிப்பு இல்லாவிட்டாலும் அவர்தான் வேட்பாளராகியிருப்பார். எண்ணில் தவறும் இல்லை. இருந்தாலும் மறுநாள் காலை வாக்குச்சாவடிக்குக் கிளம்ப நினைத்தவரிடம், "நீ வருவதற்குள் முடிந்துவிட்டது" என்று முந்தைய இரவே சொன்னதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. பிறகு 2018இல் கட்சியே விதியைத் திருத்தி, போட்டி முடிவாகாத நிலையில் மாநாட்டின் முதல் சுற்றில் சூப்பர் டெலிகேட்டுகள் வாக்களிக்க முடியாதபடி செய்தது.

அந்தக் கலிபோர்னியா வாக்காளரின் நிலையில் வேலூர்க்காரர்களும் நின்றிருக்கிறோம். 2019 ஏப்ரல் 18 அன்று நடக்கவிருந்த எங்கள் தொகுதித் தேர்தல், பணம் பிடிபட்டதால் இரண்டு நாட்களுக்கு முன் ரத்தானது. மே 23 அன்று நாடு முழுவதும் முடிவு வந்தது. தமிழ்நாட்டில் எண்ணப்பட்ட 38 தொகுதிகளில் 37 திமுக கூட்டணிக்கு. மத்தியில் ஆட்சியும் அமைந்துவிட்டது. அதற்குப் பிறகு ஆகஸ்ட் 5 அன்று நாங்கள் வாக்களித்தோம். "எல்லாம் முடிஞ்சு போச்சே, இனிமே நம்ம ஓட்டு எதுக்கு?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டபோது அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. பதில் எதுவும் சொல்லாமல் அவருடைய கையைப் பிடித்து வாக்குச்சாவடிக்கு அழைத்துக்கொண்டு போனார்.

9ஆம் தேதி எண்ணிக்கையில் திமுகவின் கதிர் ஆனந்தும் அதிமுக கூட்டணியின் ஏ.சி.சண்முகமும் மாறி மாறி முன்னுக்கு வந்தார்கள். ஒரு தொலைக்காட்சி தனக்கு வேண்டியவர் முன்னிலையில் இருந்த பழைய சுற்றின் எண்ணையே வெகுநேரம் திரையில் வைத்திருந்தது. அப்பா அதை அணைத்துவிட்டு, எண்ணிக்கை மையத்துக்கு வெளியே நின்றிருந்த நண்பருக்குத் தொலைபேசியில் பேசி, எப்போதோ மூடிவிட்ட கடையின் ரசீதுப் புத்தகத்தை எடுத்து, அதன் பின்பக்கத்தில் சுற்றுச் சுற்றாக எழுதத் தொடங்கினார். கடைசி வரியில் அவர் எழுதி அடிக்கோடிட்ட வித்தியாசம் 8,141.