தாத்தாவின் பெல்ட் நுனி எந்தப் பக்கம்?

கோகோ கோலா கம்பெனிக்கு ஒரு வருஷம் புகார்க் கடிதங்கள் வந்தன. பானத்தில் குறையில்லை. விளம்பரத்தில் கிறிஸ்துமஸ் தாத்தா பெல்ட்டைப் பக்கம் மாற்றிக் கட்டியிருந்தார்!

வரைந்தவர் ஹேடன் சண்ட்ப்ளோம். 1931 முதல் 1964 வரை அந்தக் கம்பெனிக்காகத் தாத்தாவை எண்ணெய் வண்ணத்தில் தீட்டியவர். முதலில் லூ ப்ரெண்டிஸ் என்ற நண்பர் மாடலாக இருந்தார். அவர் காலமானதும் சண்ட்ப்ளோம் கண்ணாடியில் தன்னையே பார்த்து வரைய ஆரம்பித்தார். வினை அங்கேதான் வந்திருக்க வேண்டும்.

ஆண்கள் பெல்ட் கட்டினால் நுனி பெரும்பாலும் அவரவர் இடப்பக்கம் போகும். எதிரே நிற்பவருக்கு அது வலப்பக்கம். கண்ணாடியிலோ இடப்பக்கமே தெரியும். அதை அப்படியே கேன்வாஸில் ஏற்றினால் போச்சு. முகம் தப்பிக்கும், பாதியைத் தாடி மூடிவிடும். பெல்ட், பட்டன், கடிகாரச் சங்கிலி, இந்த மூன்றும்தான் மாட்டிவிடும். முகத்துக்குக் கண்ணாடி, தொப்பைக்கு எதிரே ஓர் ஆள் என்று வைத்துக்கொண்டால் வம்பில்லை.

இன்னொரு வருஷம் விரலில் மோதிரத்தைக் காணோம். பாட்டிக்கு என்ன ஆச்சு என்று கேட்டு மறுபடி கடிதங்கள்!

சண்ட்ப்ளோமுக்கு முன்பே தாத்தாவை வரைந்த அமெரிக்க ஓவியர் தாமஸ் நாஸ்ட்டுக்கு இந்த இடவலக் குழப்பம் தினப்படி வேலை. 'ஹார்பர்ஸ் வீக்லி' பத்திரிகையில் மரக்கட்டை அச்சு. கட்டையில் படம் இடவலம் மாறி இருந்தால்தான் தாளில் நேராக விழும். அதற்கேற்ற பாக்ஸ்வுட் மரம் அதிகம் பருக்காது. அதனால் சின்னச் சின்னக் கட்டைகளைப் பின்னால் போல்ட் போட்டு இணைப்பார்கள். வரைந்து முடித்ததும் கழற்றி ஆளுக்கொன்றாகச் செதுக்கக் கொடுப்பார்கள். திரும்பச் சேர்க்கும்போது மயிரிழை விலகினாலும் தாத்தாவின் குறுக்கே வெள்ளைக் கோடு ஓடும்.

1863 ஜனவரி 3 இதழில், அமெரிக்க உள்நாட்டுப் போர் நடுவே, நட்சத்திரமும் பட்டையும் போட்ட உடையில் நாஸ்ட்டின் தாத்தா ராணுவ முகாமுக்கு வருகிறார். கையில் ஒரு பொம்மை, அதன் கழுத்தில் கயிறு: எதிரணியான தென்பகுதியின் தலைவர் ஜெஃபர்சன் டேவிஸ். பண்டிகைக்கு ஏற்ற விளையாட்டுச் சாமான்தான்!

சிவப்பு உடை கோலாக்காரர்கள் தைத்துக் கொடுத்தது என்பது கட்டுக்கதை. 1900களின் தொடக்கத்திலேயே 'பக்' என்ற அமெரிக்க நகைச்சுவைப் பத்திரிகையின் அட்டையில் அதைப் போட்டுக்கொண்டு நிற்கிறார். உடம்புதான் உண்மையில் மாறியது. 1823இல் வெளியான ஒரு கிறிஸ்துமஸ் கவிதையில் அவர் குள்ளர்; குட்டி வண்டி, எட்டுக் குட்டிக் கலைமான்கள். புகைபோக்கிக்குள் சுலபமாக இறங்கினார். ஓவியர்கள் அவரை ஆளுயரத்துக்கு வளர்த்தார்கள்; குட்டித் தொப்பையும் கூடவே வளர்ந்தது. புகைபோக்கியை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள்.