பூசணிக்கு ஒரு தொட்டில்

இன்று காலை சிங்கப்பூரின் லிம் சூ காங்கில் உள்ள அத்தையின் பண்ணையில், பந்தலில் தொங்கிய பூசணிக்காயைப் பருத்தி நூலால் பின்னிய வலை ஒன்று தாங்கிக்கொண்டிருந்தது.

சங்கிலிப் பின்னலை இடைவெளி விட்டு இணைத்திருப்பதால், காய் பருக்கப் பருக்க வலையும் விரிந்துகொடுக்கிறது. காம்பின் மீது பாரம் இறங்குவதில்லை.

ஜூன் மாத விடியலில் சுமத்ராத் தீவுப் பக்கமிருந்து திடீரெனப் பலத்த காற்று வீசி மழை கொட்டும்போதெல்லாம், அத்தை கொட்டகையில் அமர்ந்து கொக்கி முனை கொண்ட குரோஷே ஊசியை எடுத்துவிடுவார். இரட்டை ஊசிப் பின்னலில் கண்ணிகள், அதாவது நூல் வளையங்கள், வரிசையாக ஊசியிலேயே நிற்பதால் அவசரத்தில் எழுந்தால் நழுவிவிடும். குரோஷேயில் பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணிதான் திறந்திருக்கும், கோழி கத்தினால் அப்படியே வைத்துவிட்டு ஓடலாம்.

ஆண்டு முழுவதும் வியர்க்கும் இந்த ஊரில், சால்வை பின்னுவதைவிடப் பந்தலுக்குப் பின்னுவதே உருப்படியான வேலை. (கம்பளி நூல் பரிசளித்த உறவினரை அவர் இன்னும் கிண்டல் செய்கிறார்.)

அடுத்தது புடலங்காய்க்கா என்று கேட்டேன். அது நேராக வளரக் கல் கட்டினால் போதும் என்றார்.