பைலோமேட்ரிக்சோமாவிடம் நான் ஏமாந்த கதை

எம்.டி. பேத்தாலஜி பிராக்டிகல், புதுச்சேரியில். எனக்கு வந்த எஃப்.என்.ஏ.சி. (கட்டியிலிருந்து ஊசியால் எடுத்த செல்கள்) ஸ்லைடோடு ஒரு வரிக் குறிப்பும் இருந்தது: 14 வயதுப் பையன், கன்னத்தில் கெட்டியான சிறு கட்டி. குறிப்பை ஓரமாகத் தள்ளிவிட்டு நேரே மைக்ராஸ்கோப்பின் 40எக்ஸ் ஹை பவருக்குப் போனேன். நெருக்கியடித்த பேசலாய்டு (சிறிய, கருமையான) செல்கள், பேருக்குச் சைட்டோபிளாசம், நியூக்ளியோலஸ் வேறு எட்டிப் பார்த்தது. ‘மெலிக்னன்ட் ஸ்மால் ரவுண்டு செல் ட்யூமர்’, அதாவது கேன்சர், என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

வைவாவில் எக்ஸ்டர்னல் மேடம் திட்டவில்லை. “லோ பவருக்கு வாங்க டாக்டர், சுத்தி என்ன கிடக்குதுன்னு பாருங்க” என்றார். எல்லாமே கிடந்தது. நியூக்ளியஸ் இருந்த இடம் வெளிறிப்போன கோஸ்ட் செல்கள், கால்சியத் துகள்கள், ஃபாரின் பாடி ஜயண்ட் செல்கள். பைலோமேட்ரிக்சோமா! மயிர்க்காலில் முளைக்கும், கேன்சர் அல்லாத கட்டி. சின்ன வயது, முகம், கெட்டி என்ற மூன்றும் சேரும்போதே அது மனதில் வந்திருக்க வேண்டும். ஆனால் ஒரு விஷயம்: ஊசி பேசலாய்டு பகுதியில் மட்டும் பட்டால் கோஸ்ட் செல் ஒன்றிரண்டுதான் வரும். ஸ்லைடு முழுக்கத் தேட வேண்டும். மற்ற ஸ்லைடுகள் காப்பாற்றியதால் பாஸானேன்.

ஜூனியர்களுக்குச் சொல்வது இதுதான்: அரிய பினைன் (கேன்சர் அல்லாத) கட்டிகளைத் தனித்தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள். எது எந்தக் கேன்சர் போல வேஷம் போடும் என்று ஜோடி சேர்த்து எழுதுங்கள். என் நோட்டு கடலூர் – புதுச்சேரி பஸ்ஸில்தான் பாதி நிரம்பியது. கையெழுத்தைப் பார்த்தாலே தெரியும்.

கிரானுலர் செல் ட்யூமர் மார்பில் வந்தால் தொடுவதற்கும் ஸ்கேனுக்கும் கேன்சர் போலவே இருக்கும். ஸ்மியரில் ஓரம் கலைந்த, துகள் நிறைந்த சைட்டோபிளாசம், சாதுவான சிறு நியூக்ளியஸ். ஹிஸ்டியோசைட் (கழிவை விழுங்கும் திசு செல்) என்று நினைப்பது எளிது; அந்தச் செல்லுக்கான சிடி68 சாயமும் பாசிட்டிவ் ஆகி அந்தத் தப்பை இன்னும் உறுதிப்படுத்தும். நரம்பு உறை செல்லைக் காட்டும் எஸ்100 சாயத்தைக் கேளுங்கள்.

நோடுலர் ஃபேசியைட்டிஸ் அதைவிடப் பொல்லாதது. முன்கையில் சில வாரத்தில் வீங்கும், மைட்டோசிஸ் (செல் பிரிதல்) தாராளம், சார்கோமா (மென்திசு கேன்சர்) என்று கை தானாக எழுதும். ஆனால் அந்த மைட்டோசிஸில் கோணல் வடிவம் இருக்காது. 2011-இல் யுஎஸ்பி6 ஜீன் ஃபியூஷன் தெரிந்த பிறகு, அதை வெறும் ரியாக்டிவ் (காயத்துக்கு உடம்பு காட்டும் எதிர்வினை) என்று சொல்லிவிட்டு நகரவும் முடியாது. நரம்பு உறையில் வரும் ஷ்வானோமா கட்டிக்கு, ஊசி குத்தும்போது சுரீரென்று வலித்ததா என்று குறிப்பில் தேடுங்கள்.

சந்தேகமாக இருந்தால் பெயர் வைக்க அவசரப்படாமல், ‘ஸ்பிண்டில் செல் (கதிர் வடிவச் செல்) லீஷன், பயாப்ஸி தேவை’ என்று எழுதுங்கள். வைவாவில் அதற்குக் காரணம் கேட்பார்கள், சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.