சேணத்திலிருந்து இறங்கிய பிறகு

குதிரையேற்றப் பயிற்றுநர் என்றால் நாளெல்லாம் குதிரைமேல் உட்கார்ந்திருப்பவன் என்றுதான் தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவே நினைக்கிறது. நானும் அப்படி நம்பித்தான் மாதவரம் பக்கம் ஒரு பயிற்சி மையத்தில் உதவியாளனாகச் சேர்ந்தேன். முதல் நான்கு மாதம் சவாரி செய்ததைவிட லத்தி அள்ளியதுதான் அதிகம்.

லாயத்துப் பெரியவர் அதையும் ஒரு பாடமாகவே வைத்திருந்தார். "குதிரைக்கு வாந்தி எடுக்க வராது தம்பி. வயிறு அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. லத்தி குறைந்தாலோ, திரும்பித் திரும்பி வயிற்றையே பார்த்தாலோ உடனே மருத்துவரைக் கூப்பிடு" என்பார். நாளுக்கு 30, 40 லிட்டர் தண்ணீர் குடிக்கிறதா என்று வாளிக் கணக்கு பார்ப்பதும் என் வேலை.

பிறகு வகுப்பு கொடுத்தார்கள். முதல் வாரமே ஒரு பையன் சேணத்தோடு பக்கவாட்டில் சரிந்தான். நல்ல வேளை, மணலில் விழுந்ததால் அடி இல்லை. தவறு என்னுடையது. வயிற்று வாரை இறுக்கும்போது சில குதிரைகள் வயிற்றை உப்பிக்கொள்ளும். பத்தடி நடத்திவிட்டு மறுபடி இறுக்க வேண்டும். அதை நான் செய்யவில்லை. அன்று இரவு சோறு இறங்கவில்லை.

எங்களிடம் இருந்தவற்றில் பாதி, பந்தயத்தில் ஓடி ஓய்வுபெற்றவை. கடிவாளத்தை இறுக்கிப் பிடித்தால் அவை நிற்பதற்குப் பதில் இன்னும் வேகமெடுக்கும். பயந்த பிள்ளை செய்வதும் அதைத்தான். அதனால் புதியவர்களிடம் கடிவாளத்தையே கொடுப்பதில்லை. நீளக் கயிற்றின் முனையைப் பிடித்தபடி நான் நடுவில் நிற்க, குதிரை என்னைச் சுற்றி வட்டமாக வரும். லஞ்சிங் என்பார்கள்.

டிராட் ஓட்டம்தான் என்னைத் திணறடித்தது. குதிரை மூலைக்கு மூலை இரண்டிரண்டு கால்களாக வைத்து ஓடும். 'டக், டக்' என்று இரண்டே தாளம். சவாரி செய்பவர் ஒரு தாளத்துக்கு எழுந்து அடுத்ததற்கு உட்கார வேண்டும். எனக்கு அது உடம்பிலேயே ஊறியிருந்தது, வாயில்தான் சொல் வரவில்லை. "எழு, உட்கார், குதிகாலை இறக்கு" என்று தொண்டை வறளக் கத்தினேன். பிள்ளைகள் மூட்டைபோல் குலுங்கினார்கள்.

காசிமேட்டிலிருந்து வரும் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி, அப்பா கடலுக்குப் போகிறவர், விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். திடீரென்று கேட்டாள்: "அலை தூக்கும்போது படகில் முட்டியை விட்டுக்கொடுத்து நிற்போமே, அப்படியா அண்ணா?"

"அப்படியேதான்" என்றேன். அடுத்த சுற்றில், கால் வைக்கும் அங்கவடியில் குதிகால் தானாக இறங்கியது. மூன்றாவது சுற்றில் தாளம் பிடித்துவிட்டாள்.

பெரம்பூர்ப் பிள்ளைகளிடம் படகு எடுபடவில்லை. அவர்களுக்கு, கூட்டமான 29சி பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நிற்பதைச் சொல்கிறேன்.