ஆறாம் வகுப்பின் முதல் நாள்

கோடை வெயிலால் 2023இல் ஜூன் 12, 2024இல் ஜூன் 10 எனத் தள்ளிப்போன பள்ளித் திறப்பு, 2025இல் ஜூன் 2ஆம் தேதியே வந்துவிட்டது. நான் பணியாற்றும் அரசு ஆண்கள் மேல்நிலைப் பள்ளியில், அன்று என் கண்கள் தேடியது ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைத்தான். ஐந்தாம் வகுப்பு வரை ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் பெண் பிள்ளைகளோடு சேர்ந்து படித்து, அங்கே பெரிய அண்ணன்களாக வலம் வந்தவர்கள், மீசை அரும்பிய பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கு நடுவே ஒரே நாளில் மீண்டும் பொடியன்களாகிவிடுகிறார்கள்.

பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கைக்கு வந்த பெற்றோர் கூட்டத்தைப் பற்றி எழுதப் பெரிதாக ஒன்றுமில்லை. மகன் வணிகவியல் கேட்கிறான், தந்தை உயிரியல் கேட்கிறார், ஆண்டுதோறும் இதே வழக்குதான்.

முதல் பருவப் புத்தகங்களைக் கொடுத்தபோது, வளர்வான் என்ற கணக்கில் தைத்த கால்சட்டையை மூன்று மடிப்பு மடித்துவிட்டிருந்த ஒரு சிறுவன், புத்தகத்தை விரித்து முகர்ந்து பார்த்துவிட்டு, கையை உயர்த்தி, “டீச்சர், இதுல பேர் எழுதலாமா?” என்று கேட்டான். தொடக்கப் பள்ளியில் ஆசிரியைகளிடம் மட்டுமே படித்து வந்த பழக்கம் அது. வகுப்பே சிரித்தது, அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். நானும் சிரித்துவிட்டு, பேனாவைக் கொடுத்தேன். மாலைக்குள் மேலும் மூன்று பேருக்கு நான் டீச்சராகிவிட்டிருந்தேன்.