பத்து மணி வெயிலில் ஒரு தெருவிளக்கு

காலை பத்து மணி. நல்ல வெயில். எங்கள் தெருவிளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

போன மாதம்தான் பழைய சோடியம் விளக்கைக் கழற்றிவிட்டு எல்இடி மாட்டினார்கள். கம்பத்தில் ‘மின்சாரம் சேமிப்போம்’ என்று ஸ்டிக்கர் வேறு.

நின்ற இடத்திலேயே கணக்குப் போட்டேன். 250 வாட் சோடியம் விளக்கு இரவு 12 மணி நேரம் எரிந்தால் 3 யூனிட். 100 வாட் எல்இடி என்றால் 1.2 யூனிட்தான். பாதிக்கு மேல் மிச்சம்.

அதையே பகலிலும் அணைக்காமல் விட்டால்? 2.4 யூனிட். மிச்சம் பிடித்ததில் மூன்றில் இரண்டு பங்கு வெயிலோடு போச்சு.

உள்ளாட்சிகளின் கார்பன் குறைப்புத் திட்டங்களில் வாங்கி வைப்பதுதான் பெரிதாக இருக்கிறது. அப்புறம் யார் கவனிப்பது என்பது பற்றிப் பெரும்பாலும் ஒரு வரிகூட இருக்காது.

குப்பையும் அப்படித்தான். இரண்டு நிறத் தொட்டி, ஆனால் ஒரே லாரி. மக்கும் குப்பை மேட்டுக்குள் காற்றில்லாமல் அழுகி மீத்தேன் ஆகிறது. 20 ஆண்டுக் காலத்தை வைத்துப் பார்த்தால், அது அதே எடையுள்ள கரியமில வாயுவைவிடச் சுமார் 80 மடங்கு பூமியைச் சூடேற்றும்.

சரி, புகார் எண்ணுக்காவது சொல்வோம் என்று அழைத்தேன்.

“விளக்கு எரியலைன்னாதான் சார் பதிவு பண்ண முடியும்” என்றார்கள்.